பழவேற்காட்டுக்குப் போஸ்டிங் போகிறவர்களுக்கு

தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பக்கத்து நர்சிங் பிள்ளைகளுக்குக் கடல் ஒன்றும் புதிதில்லை. காசிமேட்டு ஏலச் சத்தத்திலும் எண்ணூர்ச் சாம்பலிலும் வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர். அப்படியும் கம்யூனிட்டி போஸ்டிங் (ஊருக்குள் வீடு வீடாகப் போய்ச் செய்கிற பயிற்சி) என்று பழவேற்காட்டில் கொண்டுபோய் இறக்கினால், முதல் வாரம் முழுக்க ஃபைலில் ‘வீடு பூட்டியிருந்தது’ என்றே எழுதிக்கொண்டு திரும்புகிறார்கள். பாடம் தெரியாமல் இல்லை. போகிற நேரம் சரியில்லை.

கல்லூரி வண்டி எட்டரைக்குக் கிளம்பி, மீஞ்சூர், பொன்னேரி தாண்டிப் போய்ச் சேரப் பத்து மணிக்கு மேல் ஆகிவிடும். ஒரு மணிக்குச் சாப்பாட்டு மூட்டையைப் பிரிப்பார்கள். மூன்றுக்குத் திரும்ப வண்டி. அதாவது வீடு வீடாகப் போகக் கிடைப்பது பத்தரையிலிருந்து ஒரு மணி வரை. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குக் கடலுக்குப் போன ஃபைபர் படகுகள் கரையேறுவது எட்டிலிருந்து பத்துக்குள். அதற்கப்புறம் வலையை உதறணும், மீனைப் பிரிக்கணும், ஏலம் விடணும். ஆண்கள் கரையில். பெண்கள் கூடையோடு ஏலத்தில், அல்லது மீன் விற்கப் பொன்னேரிப் பக்கம். வீட்டில் இருப்பது ஆயாவும் கைக்குழந்தையும்தான். ஒரு மணிக்கு மேல் எல்லாரும் திரும்பி, குளித்து, சாப்பிட்டு ஒரு தூக்கம் போடுவார்கள். இரண்டரைக்குத்தான் குப்பம் எழுந்து உட்காரும். அந்த நேரம் நம் பிள்ளைகள் பஸ்ஸில் சீட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இது கடல் பக்கத்துக் கணக்கு. ஏரிப் பக்கத்துக் கணக்கு வேறு. அங்கே நேரத்தை முடிவு செய்வது கடிகாரம் இல்லை, நீரோட்டம். இறாலுக்குச் சுத்து வலை கட்டுகிற ஊர்களில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை போடலாம் என்று ஊர் கூடிப் பிரித்துக்கொள்வது. காலையில் கிராம சுகாதார செவிலியரிடம் முதலில் கேட்க வேண்டியது, “இன்னிக்கு யார் பாடுக்கா?” என்பதுதான். பாடு இருக்கிற தெருவை விட்டுவிட்டு, இல்லாத தெருவுக்குப் போனால் ஆள் கிடைக்கும். வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை முஸ்லிம் தெருக்களில் கதவு தட்டாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கிறிஸ்தவர்கள் கோயிலில் இருப்பார்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நாளில் அந்தப் பக்கக் கடலுக்குப் போகத் தடை இருப்பதால் ஆண்கள் கரையோடு இருப்பார்கள். பிபி பார்க்க அதைவிட நல்ல நாள் அமையாது. ஆனால் நம் மாணவர்களும் அன்றைக்கு வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அது தனி.

விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். காசிமேட்டில் படகேறுகிற ஆண்கள் பகலில் வீட்டில் கிடைக்கிற ஒரே காலம் அது. சரியாக அப்போதுதான் பல இடங்களில் பரீட்சையும் லீவும் வருகின்றன. வருஷத்துக்கு ஒரு தடவையாவது இரண்டு வாரப் போஸ்டிங்கைத் தடைக்காலத்தில் போடச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம்.

தினசரி நேரத்துக்கு வழி இருக்கிறது. காலை நேரத்தை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், துணை சுகாதார நிலையத்துக்கும், அங்கன்வாடிக்கும், பள்ளிக்கூடத்துக்கும் கொடுத்துவிடுங்கள். வீட்டுப் பார்வையை இரண்டரை முதல் ஐந்து வரை வையுங்கள். அப்படியானால் வண்டி ஐந்துக்குத் திரும்பக் கிளம்பினால், மாலை ஏழுக்குள் வந்துவிடலாம். பெற்றோருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் இதில் சிக்கல் வராது. வண்டி இல்லாமல் ரயிலை நம்பிப் போகிற குழு ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். கும்மிடிப்பூண்டி லைனில் மின்சார ரயில் நினைத்த நேரத்துக்குக் கிடைக்காது. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி ஏறத்தாழ 20 கிலோமீட்டர், பஸ் மெதுவாகத்தான் வரும். ரயில் நேரத்தைப் பார்த்து, அதற்கு ஒன்றே கால் மணி நேரம் முன்பே பஸ் ஏறிவிடுவது நல்லது. ஹவுஸ் சர்ஜன்களுக்கு 2021 விதிமுறைப்படி சமூக மருத்துவத்தில் 12 வாரம் இருக்கிறது. அவர்கள் அங்கேயே தங்கினால் பாதிப் பிரச்சினை இல்லை.

ஊருக்குள் நுழைகிற விதம். கிராம சுகாதார செவிலியர் இல்லாமல் முதல் நாள் தெருவில் இறங்காதீர்கள். குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்துக்குச் சொல்லாமல் எட்டுப் பேர் வெள்ளைக் கோட்டோடு நடந்தால் வேறு எதற்கோ வந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். முந்தைய நாளே பஞ்சாயத்தாரைப் பார்த்து, எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை நாள், என்ன பார்ப்பார்கள், ரத்தம் எடுப்பார்களா என்று நாலு வரியில் சொல்லிவிட்டால், சாயங்காலம் கோயில் மைக்கில் அறிவித்துவிடுவார்கள். 2004 சுனாமிக்கு அப்புறம் இந்தக் கரையில் கணக்கெடுக்காத ஆள் இல்லை. “இன்னாமா, மறுபடியும் கணக்கா? போன தபா எழுதினது இன்னா ஆச்சு?” என்று கேட்பார்கள். கேட்பது நியாயம். அதற்குப் பதில் வைத்துக்கொண்டு போகணும். ஃபாரத்தை முதலில் நீட்டாமல் பிபி மெஷினை முதலில் எடுங்கள். அளவைச் சொல்லுங்கள், ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். கேள்வி பிறகு. வயதான பெண்ணை ‘ஆயா’ என்றே கூப்பிடலாம், ‘பாட்டி’ என்றால் சென்னைக்கார டீச்சர் தோரணை வந்துவிடுகிறது.

ஸ்பாட் மேப் (வீடுகளைக் குறிக்கிற ஊர் வரைபடம்) போடும்போது வடக்கு தெற்கு என்று திசைகாட்டி வரைவது புத்தகத்துக்குச் சரி. ஊரில் கடல் பக்கம், ஏரிப் பக்கம் என்றுதான் சொல்வார்கள். மேப்பிலும் அதையே எழுதினால் அடுத்த பேட்ச்சுக்கு உபயோகப்படும். கதவு எண் தொடர்ச்சியாக இருக்கும் என்று நம்பாதீர்கள். ஒரே தெருவில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். கணவர் அல்லது அப்பா பெயரோடு ஊரில் கூப்பிடுகிற பட்டப்பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அவர் சம்மதித்தால்.

இனி பை. காட்டன், ஸ்பிரிட், கிட்னி ட்ரே, தெர்மாமீட்டர், டேப், யூரின் ஸ்ட்ரிப், குளுக்கோமீட்டர், ஹெச்.பி. (ஹீமோகுளோபின்) மீட்டர் எல்லாம் லிஸ்ட்டில் இருப்பதுதான். கடற்கரைக்கென்று கூடுதலாக வேண்டியவை சில. ஒரு ஆளுக்கு ஒரு லிட்டர் நல்ல தண்ணீர், கை கழுவ. குப்பத்துக் கைப்பம்பில் வருவது உப்புத் தண்ணீர், சோப்பு நுரைக்காது. பிசுபிசுப்போடு கையை உதறிவிட்டு ஊசி எடுப்பார்கள். கையில் அழுக்கு தெரியாதபோது ஹேண்ட் ரப் போதும், மீன் பிசின் பட்டுவிட்டால் தண்ணீரும் சோப்பும்தான். பைக்குக் கீழே விரிக்கிற பேப்பர் இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். மணலில் விரித்த பேப்பர் காற்றில் எழுந்து கருவியின் மேலேயே விழும், நாலு மூலைக்கும் நாலு கல் வைக்கணும். எடை பார்க்கும் மெஷினை மணலில் வைத்தால் அளவு தவறும். ஓரடிக்கு ஓரடி பலகை ஒன்று கையோடு இருந்தால் திண்ணை தேடி அலைய வேண்டாம். ஸ்ட்ரிப் டப்பாவின் மூடி அங்கே பெரிய விஷயம். உப்புக் காற்றின் ஈரத்தில் டப்பா அரை மணி நேரம் திறந்து கிடந்தால் அந்த ஸ்ட்ரிப்புகளை நம்ப முடியாது. ஒன்றை எடு, மூடு, அப்புறம் விரலைத் தொடு. பஸ்ஸின் டேஷ்போர்டில் பையை வைத்துவிட்டு டீ குடிக்கப் போவதும் இதே கதைதான், 30 டிகிரிக்கு மேல் ஸ்ட்ரிப் தாங்காது.

விரல் குத்துவதைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆகணும். இறால் பிரிக்கிற பெண்ணின் கையைப் பிடித்துப் பாருங்கள். ஐஸில் இரண்டு மணி நேரம் இருந்த விரல். நுனி வெளுத்து, சுருங்கி, தோல் தடித்து, ஆங்காங்கே கொடுக்கு குத்திய புள்ளிகளோடு இருக்கும். அதில் லான்செட்டை, அதாவது விரல் குத்துகிற சின்ன ஊசியை, வைத்துக் குத்தினால் ரத்தம் வராது. வராததால் மாணவி பிதுக்குவாள். பிதுக்கப் பிதுக்க ரத்தத்தோடு திசு நீரும் சேர்ந்து வரும். ஹெச்.பி. பத்தரை இருக்கிறவருக்கு ஒன்பது என்று காட்டும். பக்கத்து வீட்டுக்காரி, “எனக்கும் ரத்தம் கம்மியா பாரு” என்று உட்கார்ந்துவிடுவாள். செய்ய வேண்டியது இது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், முடிந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில். கையைத் தொங்கவிட்டு, தோளிலிருந்து மணிக்கட்டு வரை கீழ்நோக்கி நீவச் சொல்லி ஐந்து நிமிஷம் பேசிக்கொண்டிருங்கள். நடுவிரல் அல்லது மோதிர விரல், நுனியில் இல்லை, பக்கவாட்டில். ஸ்பிரிட் நன்றாகக் காய்ந்த பிறகே குத்தணும். முதல் துளியைத் துடைத்துவிட்டு, அடுத்தது தானாகத் திரண்டு வருகிற வரை காத்திருக்கணும். ஆக்சிமீட்டருக்கும் இதேதான். குளிர்ந்த விரலில் 88 காட்டியதும் பதறி 108க்கு போன் போடுவதற்கு முன் கையைச் சூடுபடுத்தி மறுபடி பாருங்கள். சுகருக்கு வேறொரு வினை. கையில் பழச்சாறோ பாயசமோ ஒட்டியிருந்தால் அளவு ஏறிக் காட்டும், ஸ்பிரிட் பஞ்சால் ஒரு தடவை தடவினால் அது முழுதாகப் போகாது, கழுவத்தான் வேண்டும். குளுக்கோமீட்டர் அளவை வைத்து யாருக்கும் ‘உங்களுக்குச் சர்க்கரை’ என்று தீர்ப்பு எழுதக் கூடாது. எப்போது சாப்பிட்டார் என்பதைச் சேர்த்து எழுதி, 140க்கு மேல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்லணும்.

பிபியில் நடக்கிற தப்பு பெரும்பாலும் கஃப்பில், புஜத்தில் சுற்றுகிற பட்டையில். வலை இழுத்து இழுத்து உருண்ட புஜம். சாதாரண கஃப்பைச் சுற்றினால் உள்ளே இருக்கிற காற்றுப் பை கையைப் போதிய அளவு சுற்றி வராது. அது 80 சதவீதமாவது சுற்றி வரணும். இல்லாவிட்டால் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். பெரிய கஃப் ஒன்று குழுவுக்கு ஒன்றாவது கேட்டு வாங்குங்கள். படகைத் தள்ளிவிட்டு வந்த ஆளை உடனே உட்காரவைத்துப் பார்க்காதீர்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிந்து, கை நெஞ்சு மட்டத்தில், ஐந்து நிமிஷம். புகையிலை வாயில் இருந்தால் துப்பி அரை மணி நேரம் ஆகணும். டீக்கும் அதே கணக்கு. இரண்டு தடவை, இடையில் ஒரு நிமிஷம். 140/90ஐத் தாண்டினால் வேறொரு நாளும் பார்க்கணும். 180/110ஐத் தாண்டினால் அன்றைக்கே டாக்டரிடம்.

உப்பைக் குறைக்கச் சொல்கிற இடத்தில் மாணவர்கள் மனப்பாடமாக “கருவாடு சாப்பிடக் கூடாது” என்கிறார்கள். கருவாடு காயவைக்கிற முற்றத்தில் நின்றுகொண்டு சொல்கிற பேச்சா அது? கருவாட்டை வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி இரண்டு தடவை அலசி, குழம்பில் தனியாக உப்புப் போடாமல் செய்யச் சொல்லுங்கள். அப்பளம், ஊறுகாய் அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு ஆளுக்கு நாளெல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள், ஒரு டீஸ்பூன் மட்டம். ஒரு வீட்டுக்கு மாதம் எத்தனை பாக்கெட் உப்பு வாங்குகிறார்கள், எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டால் கணக்கு அங்கேயே தெரிந்துவிடும். மீன் உப்புப் போடுவதற்கு வாங்குகிற கல் உப்பைக் கழித்துவிட்டு.

மாத்திரை விஷயம். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வீட்டில் இருக்கிற மாத்திரை படகுக்குப் போவதில்லை. காசிமேட்டிலிருந்து விசைப்படகில் ஒரு வாரம், பத்து நாள் தங்கல் போகிறவர்கள் “நனைஞ்சு போச்சு” என்று அத்தனை நாளும் விட்டுவிடுகிறார்கள். மூடி இறுக்கமான சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் போகிற நாளுக்கும் கூடுதலாக மூன்று நாளுக்கும் எண்ணிப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். சுகர் மாத்திரையைச் சாப்பாட்டோடு போடணும், கடலில் சாப்பாடு தள்ளிப்போகும், மயக்கம் வந்தால் வாயில் போட ஒரு பொட்டலம் சர்க்கரை அதே டப்பாவில். இன்சுலின் போடுகிறவர்கள் மீன் ஐஸ் பெட்டியில் குப்பியைச் செருகிவிடுவார்கள். உறைந்த இன்சுலின் வீண், உருகின பிறகும் வேலை செய்யாது, பார்த்தால் வித்தியாசம் தெரியாமலும் போகலாம். ஐஸில் நேராகப் படவே கூடாது. வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால் பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈர மணல், மேலே ஈரத்துணி. நிழலில் வைத்துக் காலையும் மாலையும் மணலை நனைத்தால் போதும்.

கர்ப்பிணிகள் வீட்டில் முதலில் கேட்க வேண்டியது ஆர்.சி.ஹெச். எண், அதாவது கர்ப்பத்தைப் பதிவு செய்த எண். 12 வாரத்துக்குள் பதிவு செய்தால்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, மொத்தம் 18,000 ரூபாய், ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக, சிக்கலில்லாமல் வரும். பிறகு இரும்புச்சத்து மாத்திரை. ‘சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். அட்டையை எடுத்துவரச் சொல்லி எண்ணுங்கள். கருப்பாக மலம் போகிறது, வாய் குமட்டுகிறது என்று நிறுத்தியிருப்பார்கள். இரவு சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் குமட்டல் குறையும். டீயோடு போட்டால் உடம்பில் ஏறாது. கால்சியம் மாத்திரையும் அதே நேரத்தில் வேண்டாம், இரண்டுக்கும் இரண்டு மணி நேர இடைவெளி. ஹெச்.பி. 11க்குக் கீழே ரத்தசோகை, 7க்குக் கீழே போனால் வீட்டில் வைத்துப் பேசுவதற்கு ஒன்றுமில்லை, பொன்னேரி அரசு மருத்துவமனையோ ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையோ எங்கே என்பதை டாக்டர் சொல்வார். படகில் வந்து சேரவேண்டிய தீவுக் குப்பங்களில் பிரசவத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே இந்தப் பக்கக் கரையில் தங்க இடம் பார்த்துவிட வேண்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தேதி வருகிறவர்களின் பட்டியலைத் தனியாக எடுத்து வையுங்கள். மழைக்காற்றில் படகு விடமாட்டார்கள்.

இருளர் குடியிருப்புகளுக்குப் போகும்போது கேள்வியே மாறணும். அங்கே பெண்கள் ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடுகிற பறியின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டு. ஆகவே பல் ஆடுகிறதா, தாடை வலிக்கிறதா, கழுத்து பிடிக்கிறதா என்று கேட்கணும். மணிக்கணக்கில் தண்ணீரில் இருப்பதால் விரலிடுக்கு, கால் இடுக்குப் புண். சிறுநீர் கழிக்க இடமில்லாமல் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள், எரிச்சலோடு போகும். இதைச் சொல்ல வெட்கப்படுவார்கள். ஆண் மாணவர்கள் தள்ளி நின்றால் சொல்வார்கள். ‘தினமும் இரண்டரை லிட்டர் தண்ணீர் குடிங்க’ என்று எழுதிவிட்டு வருவது எளிது. ஒதுங்க இடம் எங்கே என்பதை முதலில் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

மீன் குத்துவதும் கொட்டுவதும் சிலபஸில் ஒரு வரிதான் இருக்கும். இங்கே தினசரி. திருக்கை வாலோ கெளுத்தி முள்ளோ குத்தினால் வலி உயிர் போகும். ஐஸ் வைக்காதீர்கள், அந்த விஷம் சூட்டில்தான் தணியும். 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் குத்திய கையையோ காலையோ முக்கி 30 முதல் 90 நிமிஷம். சூட்டை அடிபட்ட காலை வைத்துச் சோதிக்கக் கூடாது, அது மரத்திருக்கும், கொப்பளித்தாலும் தெரியாது. நல்ல காலையோ நம் முழங்கையையோ வைத்துப் பார்க்கணும். முள் நுனி உள்ளே முறிந்திருந்தால் நோண்டாமல் டாக்டரிடம். டி.டி. ஊசி எப்போது போட்டது என்று கேட்டே ஆகணும். சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், ஒட்டியிருக்கிற கொடுக்குகள் இன்னும் வெடிக்கும். கடல் தண்ணீரால் கழுவி, இழைகளைக் கையுறையோடு எடுத்துப் போட்டு, பிறகு வெந்நீர். சின்னக் காயம்தான், ஆனால் ஒரே நாளில் வீக்கம் மேலேறுகிறது, ஊதா நிறத்தில் கொப்புளம் வருகிறது, காய்ச்சல் இருக்கிறது, அந்த ஆளுக்குச் சர்க்கரையோ குடியால் கெட்ட ஈரலோ உண்டு என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம். உவர்நீரில் இருக்கிற விப்ரியோ கிருமி அப்படித்தான் ஓடும். கடல் பாம்பு கடித்தால் கடிவாயில் வலியோ வீக்கமோ இருக்காது, சில மணி நேரத்தில் தசைவலி, இமை தொங்கல். நம் ஊரில் கிடைக்கிற விஷமுறிவு ஊசி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியனுக்கானது, கடல் பாம்புக்கு இல்லை. ஆகவே சுவாசக் கருவி இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேராக.

தண்ணீர்ச் சோதனையில் குளோரின் அளவு பார்க்கிற குளோரோஸ்கோப்பை வைத்துக்கொண்டு போட்டோ எடுக்கிறார்களே தவிர, நேரத்தைக் கவனிப்பதில்லை. ஆர்த்தோடொலுடின் என்கிற சோதனைத் திரவத்தை விட்டதும் 10 விநாடிக்குள் வருகிற மஞ்சள்தான் உண்மையான மீதி குளோரின். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் கலந்திருக்கிற குளோரினும் சேர்ந்து அடர்த்தியாகக் காட்டும். 0.5 என்று எழுதிவிடுவார்கள், குழாயில் இருப்பது 0.1ஆக இருக்கும். 1,000 லிட்டர் தொட்டிக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் சுமார் 2.5 கிராம் என்று புத்தகம் சொல்லும். அந்த ‘நல்ல’ என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. கடற்காற்றில் சாக்கு மூட்டையைத் திறந்து வைத்தால் குளோரின் பறந்துபோய்ச் சுண்ணாம்பு மிச்சம். குடத்துக்கு 0.5 கிராம் குளோரின் மாத்திரை 20 லிட்டருக்கு ஒன்று, பொடித்துக் கலக்கி அரை மணி நேரம்.

ஓ.ஆர்.எஸ். காட்டும்போது கட்டாயம் குடிதண்ணீரில் கலந்து காட்டுங்கள். கைப்பம்புத் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு. அதில் பாக்கெட்டைக் கொட்டினால் குழந்தைக்கு உப்பு மிஞ்சிவிடும். ஒரு லிட்டர் அளவுக்குச் சொம்பை நம்பாதீர்கள், தண்ணீர் பாட்டில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. கலந்தது 24 மணி நேரம்தான். கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள், ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம். பேதி நின்றாலும் 14 நாளும்.

லான்செட்டை ஒன்றுகூட விடாமல் எண்ணித் திரும்ப எடுத்துவாருங்கள். கொண்டுபோனது நாற்பது என்றால், குத்திய ஊசியைப் போடுகிற வெள்ளை டப்பாவில் திரும்புவதும் பயன்படுத்தாததும் சேர்ந்து நாற்பது. மணலில் விழுந்த ஊசியைத் தேட முடியாது, அங்கே பிள்ளைகள் வெறுங்காலில் ஓடுகிறார்கள். குப்பத்து நாய் கடித்தால், மாணவரையோ ஊர்க்காரரையோ, சோப்பும் ஓடுகிற தண்ணீருமாக 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி, 0, 3, 7, 28 நாட்கள். ரத்தம் கசிந்திருந்தால் ரேபிஸ் இம்யூனோகுளோபுலின் ஊசியும்.

ஃபைல் திருத்துகிற டீச்சர்களுக்கு ஒரு குறிப்பு. ஒரு பேட்ச்சின் பிபி அளவுகளை வரிசையாக எழுதிக் கடைசி எண்ணை மட்டும் பாருங்கள். டிஜிட்டல் மெஷினில் 0 முதல் 9 வரை எல்லாம் கலந்து வரணும். எல்லாம் 120/80, 130/80, 110/70 என்று பூஜ்யத்தில் முடிந்தால் அது டீக்கடையில் உட்கார்ந்து எழுதியது. ஒரே குடும்பத்தில் எல்லாருடைய உயரமும் ஐந்தில் முடிவது, இரண்டு வாரம் இடைவெளியில் குழந்தையின் எடை கிராம்கூட மாறாமல் இருப்பது, இதெல்லாம் அதே ஜாதி. பிள்ளைகளைத் திட்டுவதைவிட வீடு பூட்டியிருந்தால் ‘பூட்டியிருந்தது’ என்று எழுத மார்க் குறைக்காமல் இருங்கள், பாதிக் கற்பனை நின்றுவிடும்.

கடைசி நாள் சார்ட் பேப்பர் கண்காட்சி, பாட்டு, நாடகம் எல்லாம் நடக்கட்டும். அதற்கு முன்னால் கிராம சுகாதார செவிலியரின் கையில் ஒரு தாள் போகணும். முழு சர்வே வேண்டாம், அவருக்கு அதைப் படிக்க நேரமில்லை. மறுபடி பார்க்கவேண்டிய ஆட்கள் மட்டும், அதிகம் போனால் இருபது பெயர். அளவு, தேதி, என்ன சொல்லி அனுப்பினோம், போனாரா இல்லையா. கூடவே ஒரு கட்டம் அதிகமாகப் போடுங்கள், எப்போது எங்கே கிடைப்பார் என்று. இந்த மாதிரி: கடல் பக்கம் மூன்றாவது வரிசை, நீலக் கதவு, ஆண், வயது 52, பிபி 168/102, மாத்திரை நிறுத்தி இரண்டு மாதம், வீட்டில் கிடைக்கமாட்டார், மாலை நாலுக்கு மேல் வலைக்கூடத்தில் பார்க்கவும்.